கட்டம் போட்ட படம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாவண்யாவின் பேச்சு நின்றுபோனது.

லாவண்யாவுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. அவளுக்காகப் பேசுவது ஒரு பழைய டேப்லெட், சுருக்கமாக டேப். அதில் 'பேசும் பலகை' என்று ஓர் ஆப். திறந்தால் வரிசை வரிசையாகப் படங்கள். சொம்பைத் தொட்டால் "தண்ணி குடு" என்று டேப் சொல்லும். மின்விசிறியைத் தொட்டால் "புழுங்குது, ஃபேன் போடு" என்று அதட்டும். குரல் அவள் அம்மா ஷோபனாவினுடையது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் தன் குரலைப் பதிந்து, நாலு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேலே சேர்த்திருந்தாள் ஷோபனா. படங்களுக்குக் கீழே எழுத்து எதுவும் கிடையாது. லாவண்யாவுக்குப் படிக்க வராது. பிறகு யாருக்காக எழுதுவது?

ஆக, ஆவடி குவார்ட்டர்ஸின் அந்த முதல் மாடி வீட்டில் இரண்டு ஷோபனாக்கள். ஒருத்தி சமையலறையிலிருந்து கத்துவாள். இன்னொருத்தி கூடத்தில் டேப்புக்குள்ளிருந்து பதில் கத்துவாள்.

"நீயே கேக்குற, நீயே பதில் சொல்ற. இந்த ஊட்ல எனக்கு இன்னா வேலை?" என்பான் லாவண்யாவின் அப்பா ஏகாம்பரம். சொல்லி முடிக்கும் முன் மகளின் விரல் ஒரு பூட்டின் படத்தைத் தொடும். "அப்பா, கொஞ்சம் வாய மூடுப்பா" என்று டேப் சொல்லும். லாவண்யா உடம்பு குலுங்கச் சிரிப்பாள். ஆயிரம் படத்தில் ஏகாம்பரத்துக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆப் திறக்கவில்லை. அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்றது. அப்டேட் பட்டனை அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் லாவண்யா தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். தடுக்க வந்த ஆயாவின் கையையும் கடித்துவிட்டாள். அது அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடம். ஆயா கோபப்படவில்லை. "பாவம், கொழந்தைக்கு சொல்ல முடியல. டேப் சரியானதும் கூட்டிட்டு வாங்க" என்று வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஷோபனா லீவு போட்டாள். புதன்கிழமை ஏகாம்பரத்துக்கு வார விடுமுறை.

"இன்னைக்கு உங்க பொறுப்பு" என்றாள் ஷோபனா, காலை ஏழு மணிக்கு, செருப்பை மாட்டிக்கொண்டே. "மூணு நாளா அவ கண்ணையே பாத்துப் பாத்து என்ன வேணும்னு கண்டுபிடிச்சிட்டிருக்கேன். இதுக்கு மேல முடியாதுங்க."

"இன்னா பெரிய விஷயம்? ஆப்பு அப்டேட் ஆவல. அவ்ளோதானே. கெடங்குல எத்தினி ஸ்கேனர் மிஷினை நான் ரெடி பண்ணிக்கீறேன்!"

"ரெடி பண்ணுங்க. ஆனா அவ படம் ஒண்ணுகூடப் போயிடக் கூடாது. ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடறேன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அழிச்சா எல்லாம் போயிடும்."

"இது கூடவா தெரியாது? படத்து மேல என் நெழலு கூடப் படாது. நீ கெளம்பு, பஞ்ச் அடிக்க லேட் ஆவப்போவுது."

ஷோபனாவுக்கு வேலை பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், ராணுவச் சீருடை தைக்கும் பிரிவில். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனால், சாயங்காலம் நாலரைக்கு வெளியே வந்துதான் எடுக்க முடியும். அதுவரை ஷோபனா யாருக்கும் கிடைக்க மாட்டாள்.

ஏகாம்பரம் கூடத்தில் பாயை விரித்து, டேப்பை நடுவில் வைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்தான். லாவண்யா அவன் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்தாள். டேப்பின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"அப்பா ஓடிப்போயிட மாட்டேன்டா. பாரு, பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் ஆகவில்லை, ஒன்றரை மணி நேரம் ஆனது. டேப்பை அணைத்துப் போட்டான். தேதி, நேரம் சரியா என்று பார்த்தான். செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதில் ஒரு பையன் படபடவென்று சொன்னதையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் செய்தான். ப்ளே ஸ்டோரின் கேஷ் என்ற தற்காலிகக் குப்பையை மட்டும் துடைத்தான். அக்கவுண்டிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனான். அந்தப் பையன் கடைசியில் "இப்ப கண்டிப்பா வொர்க் ஆகும் நண்பர்களே" என்று சிரித்தான். வட்டம் சுற்றியது. நின்றது.

"உன் மூஞ்சி" என்றான் ஏகாம்பரம் செல்போனைப் பார்த்து.

நாலாவது முறை அமுக்கியபோதுதான் ஒரு புதுச் செய்தி வந்தது. இடம் போதவில்லையாம். இன்னும் இருநூறு எம்.பி. வேண்டுமாம்.

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. இடப் பிரச்சினையா? அது அவன் தொழில்! செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வரிசையாக நிற்கும் கிடங்குகளில் ஒன்றில் அவன் பதினோரு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறான். எந்த லாரி வந்தாலும், "ஏகாம்பரம், எடம் இருக்கா?" என்றுதான் மேனேஜர் கேட்பார். "இல்ல சார்" என்று அவன் சொன்னதே கிடையாது. இல்லாத இடத்தை உண்டாக்குவான்.

உண்டாக்குவதற்கு ஒரு வழி இருந்தது. கிடங்கில் எந்தப் பெட்டியையும் ஸ்டோர்ஸ் ஆட்கள் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அன்றைக்கே வேலை போய்விடும். பெட்டிமேல் ஒட்டிய லேபிள் என்ன சொல்கிறதோ அதுதான் பெட்டி. லேபிள் இல்லாத பெட்டி முப்பது நாள் கிடந்தால் கழிவுப் பக்கம் தள்ளிவிட வேண்டும். உள்ளே என்ன என்ற கேள்வியே கிடையாது. பதினோரு வருஷத்தில் அது அவன் கையிலேயே ஊறிப்போயிருந்தது.

முதலில் இரண்டு விளையாட்டுகளை அழித்தான். போதவில்லை. பிறகு டேப்பின் உள்ளறையைத் திறந்தான். கல்யாண வீடியோ ஒன்று. லேபிள் இருக்கிறது, இருக்கட்டும். பள்ளி ஆண்டு விழா, இருக்கட்டும். அதற்கும் கீழே, பெயர் என்று சொல்ல முடியாத இரண்டு எழுத்தோடு ஒரு ஃபோல்டர். உள்ளே வெறும் எண்களாக ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் நீண்ட நீண்ட எண்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. சிலதுக்கு நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. சரியாக இருநூற்றுப் பதினைந்து எம்.பி.

"அடேங்கப்பா. இன்னாமா குப்பை சேத்து வெச்சிக்கீது" என்றான் மகளிடம். "இதான் அடைச்சிகினு நிக்குது."

ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். அழித்தான். குப்பைத்தொட்டிக்குப் போய் உட்கார்ந்திருப்பதாக டேப் சொன்னது. குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது.

அப்டேட்டை அமுக்கினான். இந்த முறை வட்டம் நிற்கவில்லை. பச்சைக் கோடு இன்ச் இன்ச்சாக ஊர்ந்து, பாதியைத் தாண்டி, கடைசி வரை போய், முடிந்தது. ஆப்பைத் தொட்டான். திறந்தது! சொம்பு, மின்விசிறி, தோசைக்கல், பூட்டு, வாசல் கதவு, எல்லாப் படமும் போட்டது போட்டபடி.

"பாப்பா! வந்துட்ச்சி பாரு! உங்கம்மா வரட்டும், கேக்குறேன் அவள, யாரு மெக்கானிக்குன்னு!"

லாவண்யா டேப்பை மடியில் இழுத்துக்கொண்டாள். மூன்று நாள் தாகம். விரல் நேராகச் சொம்புக்குப் போனது.

சத்தம் இல்லை.

மறுபடி தொட்டாள். சொம்பு ஒரு கணம் பெரிதாகித் திரும்பச் சின்னதானது. சத்தம் மட்டும் இல்லை. ஏகாம்பரம் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கி வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோனான். மின்விசிறியைத் தொட்டான். தோசைக்கல். பூட்டு. வீடே அமைதியாக இருந்தது. கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

ஆயிரத்துக்கும் மேலே என்று ஷோபனா எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளறையை மறுபடி திறந்தான். அந்த ஃபோல்டர் இருந்த இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. படம் எல்லாம் ஆப்புக்குள்ளே. குரல் எல்லாம் வெளியே. படத்தின் மேல் அவன் நிழல்கூடப் படவில்லை. குரலை மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டான்.

லாவண்யா இதற்குள் நாலைந்து பக்கம் தள்ளிப் போயிருந்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி. படம் முழுக்கத் துணிதான். வேறு ஒன்றும் தெரியவில்லை. அதை அமுக்கினாள். அப்பாவைப் பார்த்தாள். அமுக்கினாள். பார்த்தாள்.

"இன்னாடா அது? துணியா? ஸ்கூலா?" அவள் யூனிஃபார்மும் நீலக் கட்டம்தான். ஓடிப்போய் எடுத்து வந்தான். அவள் அதை வாங்கித் தரையில் வீசினாள். அமுக்கினாள்.

அவனுடைய லுங்கி ஒன்று அந்த மாதிரி. அதைக் காட்டினான். இல்லை. படுக்கை விரிப்பா? விரித்துப் போட்டான். லாவண்யா அதில் சுருண்டு படுத்தாள். "அப்பாடா, தூக்கம்தானா" என்று அவன் நெற்றியைத் துடைத்துக்கொள்வதற்குள் எழுந்து உட்கார்ந்து மறுபடி அமுக்கினாள்.

சாப்பாட்டு மேசை விரிப்பாக இருக்குமோ? தயிர் சாதம் பிசைந்து வந்தான். தட்டைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் கொடுத்தான். தள்ளிவிட்டாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, அவன் சுட்டுவிரலை மடக்கி நீட்டி, அந்தப் படத்தின் மேல் வைத்து அழுத்தினாள். நான் அமுக்கினால்தான் பேச மாட்டேன் என்கிறது, நீ அமுக்கு என்பது போல.

அவன் அமுக்கினான். அது பேசவில்லை.

லாவண்யா தன் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். திங்கட்கிழமைத் தழும்பின் மேலேயே.

"கடிக்காதடா, கண்ணு, கடிக்காத. அப்பா கண்டுபுடிக்கிறேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஷோபனாவுக்குப் போன் செய்தான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. கேட்டில், மரப்பெட்டிக்குள் அடித்திருக்கும். ஒன்பது தடவை செய்தான். மரப்பெட்டி எப்படிப் பதில் சொல்லும்?

மணி பதினொன்றேகால்.

டேப்பை விட்டு மகள் வர மாட்டாள், மகளை விட்டு அவன் போக முடியாது. இரண்டையும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து மார்க்கெட்டுக்கு ஓட்டினான். அங்கே ஜமீர் என்பவனின் செல்போன் ரிப்பேர் கடை. நாலு வருஷத்துக்கு முன் அந்த டேப்பை வாங்கியதே அவனிடம்தான். பூந்தமல்லிக்காரன், கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"வாங்க அண்ணாத்தே. இன்னா பாப்பா, உங்கப்பாவை வாய மூடச் சொல்லு பாப்போம்!" என்றான் ஜமீர். பூட்டுப் படம் மார்க்கெட் வரை பிரபலம்.

லாவண்யா சிரிக்கவில்லை. கட்டம் போட்ட படத்தை அமுக்கினாள்.

ஏகாம்பரம் நடந்ததைச் சொன்னான். ஜமீரின் ஸ்க்ரூ டிரைவர் மெதுவாக மேசைமேல் இறங்கியது.

"டிலீட் பண்ணிட்டீங்க. சரி. குப்பைத்தொட்டில இருக்குமே?"

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"அத இன்னாத்துக்கு அண்ணாத்தே காலி பண்ணீங்க?"

"பாதி வேலை எனக்குப் புடிக்காதுபா."

"யா அல்லா." ஜமீர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். "ஒரு ஃபைலையாவது தொறந்து பாத்திருக்கலாமே. தொட்டா அக்கா பேசியிருப்பாங்களே."

ஏகாம்பரம் மேசைமேல் குனிந்தான்.

"எடுக்க முடியாதாபா? நீ எவ்ளோ டெட்டான போனையெல்லாம் எடுத்துக் குடுத்துக்கீறே."

"கார்டுல இருந்து அழிச்சிருந்தா கம்ப்யூட்டர்ல மாட்டித் தோண்டிப் பாக்கலாம். இது டேப்போட உள் மெமரி. அழிச்சா அழிச்சதுதான். எந்தக் கடைக்குப் போனாலும் எடுத்துத் தர்றேன்னு சொல்லி வாங்கி வெச்சிப்பான், நாலு நாள் கழிச்சி இல்லன்னு குடுப்பான். நான் இப்பவே சொல்றேன்." பேசிக்கொண்டே டேப்பைத் திருப்பினான், லாவண்யாவும் கூடவே திரும்பினாள், மூலையை விடாமல். பக்கவாட்டில் ஊசியைக் குத்தினான். குட்டித் தட்டு ஒன்று வெளியே வந்தது. அதில் நகம் அளவுக்கு ஒரு கார்டு.

"இதுல கார்டு கீதா!" ஏகாம்பரம் எகிறினான். "எனக்குத் தெரியவே தெரியாதே!"

"தெரியாததாலதான் தப்பிச்சிக்கீது" என்றான் ஜமீர். கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினான். "விக்கும்போது நான் போட்டுக் குடுத்தது. அக்கா ஆரம்பத்துல இதுல பதிஞ்சிருப்பாங்க போல. இருங்க. பத்து... பதினஞ்சு... பத்தொம்போது ஃபைல் கீது."

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணுல?"

"பத்தொம்போது."

ஜமீர் முதல் ஃபைலைத் தட்டினான். கடை ஸ்பீக்கரிலிருந்து ஷோபனா பேசினாள். "பால் வேணும்." நாலு வருஷத்துக்கு முந்தைய குரல்; கொஞ்சம் இளசு, கொஞ்சம் கூச்சம். "பொம்மை குடு." "உப்பு மூட்டை தூக்கு." "அம்மா."

லாவண்யாவின் கை முதல் தடவையாக டேப்பின் மூலையை விட்டது. கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்தாள். ஜமீருக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினாள். அங்கே சுவரும், சுவரில் மாட்டிய பழைய சார்ஜர் வயர்களும்தான் இருந்தன.

"நிறுத்துபா" என்றான் ஏகாம்பரம்.

"கட்டம் போட்ட துணிக்கு இதுல ஏதாவது..." என்று ஜமீர் மீதியையும் மெல்ல வைத்துக் கேட்டான். குளியல், பிஸ்கட், பலூன், ராட்டினம். எட்டு வயதுக் குழந்தைக்கு வேண்டிய சொற்கள். பன்னிரண்டு வயதுப் பெண் அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு கட்டம் போட்ட படத்தை அமுக்கினாள்.

"இத பதிஞ்சவங்களத்தான் கேக்கணும் அண்ணாத்தே. நம்ம கைல இல்ல."

பன்னிரண்டரைக்கு ஏகாம்பரம் தொழிற்சாலை கேட்டில் நின்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டில் கோவிந்தராஜ் என்ற செக்யூரிட்டி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையைப் பார்த்தாலே கால் ஒட்டி நிற்கும்.

"சார், தையல் பிரிவுல ஷோபனா. அவங்க ஊட்டுக்காரன் நான். ரெண்டு நிமிஷம் வரச் சொல்லணும்."

"என்ன எமர்ஜென்சி?"

ஏகாம்பரம் மகளின் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா? யாராவது தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். ஒரு படம். அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்கணும்."

கோவிந்தராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப நாலரைக்கு வந்து கேளு. படத்துக்கு அர்த்தம் கேக்கறதுக்கெல்லாம் லைனை நிறுத்த முடியாது."

லாவண்யா முன்னால் வந்தாள். டேப்பைக் கோவிந்தராஜின் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கட்டம் போட்ட படத்தை அமுக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாததைக் கண்டு மறுபடி அமுக்கினாள். மணிக்கட்டு வாய்க்குப் போனது. ஏகாம்பரம் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே நின்றான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பேசாதா?" என்றார் கோவிந்தராஜ் தணிந்த குரலில்.

"இதான் சார் பேசும். நான்தான் சார் கெடுத்துட்டேன்."

கோவிந்தராஜ் கூண்டுக்குள் போய் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்து வந்தார். "எழுதிக் குடு. டீ கொண்டுபோற ஆளுகிட்ட அனுப்பறேன். சுருக்கமா."

ஏகாம்பரம் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதினான். 'நீலக் கட்டம் போட்ட துணி படம். அது இன்னா? காலைலேந்து அதையே அமுத்துது. நான் கேட்டில் இருக்கேன்.'

கால் மணி நேரம் ஆனது. கேட்டின் சின்னக் கதவு திறந்தது. ஷோபனா நடக்கவில்லை, ஓடி வந்தாள். காக்கி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தோளில் இஞ்ச் டேப் தொங்கியது. கையில் அரைநாள் பாஸ்.

"ஷோபி, கோச்சிக்காத, நான் வந்து..."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நேராக மகளிடம் போனாள். லாவண்யா படத்தை அமுக்கினாள்.

"'வயிறு வலிக்குது. பை வெய்யும்மா'" என்றாள் ஷோபனா, அந்தப் படத்தின் வார்த்தைகளையே. "ஆமாடி தங்கம். வலிக்குதா? காலைலேந்தா? அம்மா வந்துட்டேன்டி."

சொல்லிக்கொண்டே ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். மகளைத் தன் பக்கம் திருப்பி, அதை அவள் இடுப்பில் பின்பக்கம் மறைய இறுகக் கட்டினாள். கோவிந்தராஜ் வேறு பக்கம் திரும்பி, யாரும் வராத சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடையின் பின்பக்கம் இருந்த கறையை ஏகாம்பரம் அப்போதுதான் பார்த்தான். காலையிலிருந்து அவன் மகளின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவளைப் பார்க்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன் லாவண்யா பெரியவளானாள். அப்போது ஷோபனா ஒரு வெந்நீர்ப் பை வாங்கினாள். ரப்பர் சுடாமலிருக்க, மிச்சம் கிடந்த பள்ளி யூனிஃபார்ம் துணியில் அதற்கு ஓர் உறை தைத்தாள். அதையே படம் எடுத்துப் பதிந்தாள். அந்த வாரம் ஏகாம்பரம் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பில் இருந்தான். பை அலமாரியில், அவன் லுங்கிக்குப் பக்கத்திலேயே, இத்தனை நாளும் இருந்தது.

ஸ்கூட்டரில் மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள். நடுவில் லாவண்யா. அவள் அமுக்க அமுக்க, பின்னாலிருந்து ஷோபனா சொல்லிக்கொண்டே வந்தாள். "வயிறு வலிக்குது." "வயிறு வலிக்குது." சிக்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வழியிலேயே ஏகாம்பரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. வெந்நீர் வைத்தாள், பையில் ஊற்றினாள், மகளை மாற்றி உடுத்திப் படுக்க வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து லாவண்யாவின் முகம் இளகியது. அதன் பிறகுதான் ஷோபனா கூடத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை திட்டிடு ஷோபி" என்றான் அவன். "நீ சும்மா இருந்தா எனக்கு பயமா கீது."

"திட்டுனா அந்த ஆயிரமும் திரும்பி வருமா?"

"திரும்பப் பதியலாம்ல? நானும் கூட ஒக்காறேன். லீவு போடறேன். படம்தான் அப்டியே கீதே. நீ ஒவ்வொண்ணா சொல்லு, நான் பட்டனை அமுக்கறேன். பேரெல்லாம் இந்தவாட்டி கீழ எழுதிடலாம். லேபிள் மாதிரி."

"உங்களுக்கு எது எது தெரியும்?"

"பூட்டு."

"அப்புறம்?"

லாவண்யா எழுந்து வந்தாள். வெந்நீர்ப் பையை ஒரு கையால் வயிற்றோடு அணைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து டேப்பைத் தரையில் வைத்தாள். ஷோபனா முதலில் கட்டம் போட்ட துணியை எடுத்தாள், பதிவுப் பட்டனை அமுக்கினாள், "வயிறு வலிக்குது, பை வெய்யும்மா" என்றாள். மத்தியானம் கேட்டில் சொன்னதைவிட நிதானமாக. ஏகாம்பரம் அதன் கீழே எழுத்துக் கூட்டி எழுதினான். லாவண்யா தொட்டாள். டேப் பேசியது. அவள் முதல் தடவையாக மூச்சை நிம்மதியாக விட்டாள்.

ஏகாம்பரத்தின் தோளும் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு ஆச்சி."

சொம்பு, மின்விசிறி, தோசைக்கல், பூட்டு. பூட்டுக்கு வந்தபோது ஷோபனாவே லேசாகச் சிரித்துவிட்டாள். மடமடவென்று நாற்பதைத் தாண்டினார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பிறகு லாவண்யாவே பக்கத்தைத் தள்ளினாள். அவளுக்கு எது வேண்டுமோ அதைத் தேடிப் போனாள். ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

மாடிப்படி. படியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. யாருடையது என்று தெரியாத பச்சைச் செருப்பு.

"சொல்லு" என்றான் ஏகாம்பரம், எழுதத் தயாராக.

ஷோபனா படத்தைப் பார்த்தாள். டேப்பைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்னிக்கு எடுத்தேன்... ரெண்டு வருஷம் இருக்கும். கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ண நேரமா? இல்ல, மழை பெஞ்சப்பவா?"

"யோசிச்சிப் பாரு. அவசரம் இல்ல."

"எனக்கு ஞாபகமே வரலீங்க" என்றாள் ஷோபனா. குரலில் ஒரு பயம் புதிதாக ஏறியிருந்தது. "நான்தான் பதிஞ்சேன். நான்தான் சொன்னேன். என்ன சொன்னேன்னு தெரியலியே."

இரண்டு பேரும் மகளைப் பார்த்தார்கள். அது என்னவென்று தெரிந்தவள் இப்போது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

லாவண்யா பச்சைச் செருப்பை அமுக்கினாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.